அப்பா எடுத்த பாறைப் படங்களை என்ன செய்வது?

கேள்வி: நாங்கள் தேக்காவில், பஃபலோ ரோட்டு வீவக வீட்டில் இருக்கிறோம். என் அப்பா பொதுப்பணித் துறையின் சர்வே பிரிவில் உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் காலமான பிறகு அலமாரியைக் காலி செய்தபோது பழைய பிஸ்கட் டின் ஒன்று அகப்பட்டது. திறந்தால் உள்ளே கட்டுக் கட்டாகக் கறுப்பு வெள்ளைப் படங்கள். வீட்டுப் படம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பாறையும் வெட்டிய மண்சுவரும்தான். வரி வரியாக அடுக்குகள். பல படங்களில் நட்ட நடுவே ஒரு சுத்தியல் கிடக்கிறது. சிலவற்றின் பின்னால் பென்சிலில் ஆங்கில எழுத்தில் 'பி.பி.எம்.', 'டி.எம்.பி. கட்டிங்' என்று இருக்கிறது. நாலு படத்தை நகலெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

இவை எந்த இடங்கள்? சுத்தியலைப் போட்டு எதற்குப் படம் எடுத்தார்? "பாறையை யார் பார்க்கப் போகிறார்கள், தூக்கிப் போடு" என்கிறாள் என் தங்கை. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் என் மகனோ, தாத்தா நின்ற இடத்திலேயே நின்று மறுபடி படம் எடுக்க வேண்டும் என்கிறான். அது முடியுமா? நம் லிட்டில் இந்தியாவில் இப்படி ஏதாவது பார்க்கக் கிடைக்குமா? (ஒரு வாசகி, சிங்கப்பூர்)

பதில்: தூக்கிப் போடாதீர்கள் அம்மா. தங்கையிடம் இதைச் சொல்லுங்கள்: அந்தப் படங்களில் இருக்கும் பாறைச் சுவர்களில் பெரும்பாலானவை இன்று சிங்கப்பூரில் இல்லை. அப்படிப்பட்ட இடத்துக்கு உங்கள் டின்னில் இருக்கும் காகிதம்தான் மிச்சம்.

முதலில் சுத்தியல். பாறை அடுக்கைப் படத்தில் மட்டும் பார்த்தால் அது உள்ளங்கையளவா, மூன்று மாடி உயரமா என்று யாராலும் சொல்ல முடியாது. மெல்லிய களிமண் வரிகளும் பெரிய மலைச்சரிவும் படத்தில் ஒன்றுபோலவே விழும். அதனால் அளவு தெரிந்த ஒரு பொருளை அருகில் வைத்து எடுப்பது இந்தத் தொழிலின் பழக்கம். சுத்தியல், நாணயம், கேமரா மூடி, நோட்டுப் புத்தகம் என்று எதையாவது வைப்பார்கள். எதுவும் இல்லாவிட்டால் உடன் வந்தவரையே நிறுத்திவிடுவார்கள். பாறையியல் சுத்தியல் சுமார் ஒரு அடி நீளம். அது கிடக்கும் படத்தில் அடுக்கின் தடிமனை உட்கார்ந்த இடத்திலேயே கணக்கிடலாம். உங்கள் அப்பா வெறும் நினைவுக்காக எடுக்கவில்லை, அளந்து எடுத்திருக்கிறார். யாரோ ஒரு பாறையியலாளர் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், அல்லது அவருடன் சேர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும்.

'பி.பி.எம்.' என்பது புலாவ் பிளாக்காங் மாத்தி. இன்றைய செந்தோசாவின் பழைய பெயர். 1970களின் தொடக்கத்தில்தான் அது செந்தோசா ஆனது. 1967 வரை அந்தத் தீவு பிரிட்டிஷ் ராணுவத்தின் கையில் இருந்தது. வெளியாள் கேமராவோடு போய்ச் சுவரைப் படம் எடுப்பது அப்போது நடக்கிற காரியமல்ல. எனவே இந்தப் படம் 1967க்குப் பிறகு, பழைய பெயர் வாயில் இருந்து போகாத சில ஆண்டுகளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். பொதுப்பணித் துறை சிங்கப்பூர் முழுவதையும் நிலவியல் ரீதியாக ஆராய்ந்து, வரைபடங்களோடு 1976இல் ஒரு புத்தகம் வெளியிட்டது. உங்கள் அப்பாவின் துறை, காலம் இரண்டும் அதோடு பொருந்துகின்றன. அவருடைய பணி ஆவணங்கள் வீட்டில் இருந்தால் அவற்றையும் எடுத்து வையுங்கள்.

அந்த 'பி.பி.எம்.' படத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். இடது ஓரத்தில் கடல் தெரிகிறது, நடுவில் பாறைச் சுவர். வெளிறிய தடித்த அடுக்குகளுக்கு நடுவே கரிய மெல்லிய அடுக்குகள், எல்லாமே வலப்பக்கம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. முதலில் எழ வேண்டிய சந்தேகம், பாறை சாய்ந்திருக்கிறதா அல்லது கேமராவைச் சாய்த்துப் பிடித்தாரா என்பதுதான். கடல் கோடு மட்டமாக இருக்கிறது. ஆகவே சாய்ந்தது பாறைதான். வெளிறியது மணற்கல். மழையும் அலையும் எளிதில் தின்னாததால் அது துருத்திக்கொண்டு நிற்கிறது. கரியது களிப்பாறை. அது உள்வாங்கிப் பள்ளமாகிவிட்டது. நடுவில் இருக்கும் தடித்த அடுக்குக்கு நேராகச் சுத்தியலை நிறுத்தியிருக்கிறார். அடுக்கு சுத்தியலைப் போல இரண்டு மடங்கு, அதாவது ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். இவ்வளவும் ஒரு சிகரெட் பெட்டி அளவுப் படத்திலிருந்து கிடைக்கிறது.

இந்த வகைப் பாறைகளை நீண்ட காலமாக ஜூரோங் படிவம் என்று சொல்லிவந்தோம். ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, டைனோசர் காலத்தில், ஆறும் ஆழமில்லாக் கடலும் கொண்டுவந்து சேர்த்த மணலும் சேறும் இறுகிப் பாறையானவை. பிறகு நிலம் நெருக்குண்டு மடிந்தபோது அடுக்குகளும் சாய்ந்தன. தெற்குச் சிங்கப்பூரில் கென்ட் ரிட்ஜ், தெலுக் பிளாங்கா, மவுண்ட் ஃபேபர் என்று வரிசையாக நிற்கும் மேடுகள் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீண்டு கிடப்பதற்குக் காரணம் அந்த மடிப்புதான். கட்டட, கட்டுமான ஆணையம் பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வகத்தோடு சேர்ந்து அண்மையில் இந்தப் பாகுபாட்டைத் திருத்தி எழுதியது. அதில் செந்தோசாப் பாறைகளைத் தனிக் குழுவாகவே பிரித்து, ஃபோர்ட் சிலோசோ, தஞ்சோங் ரிமாவ் என்று தீவின் இடங்களையே அடுக்குகளுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். உங்கள் அப்பாவின் படத்தில் இருக்கும் சுவர் அந்தப் பக்கத்துக் கடலோரம் என்றே எனக்குப் படுகிறது. உங்கள் மகன் போய்ச் சரிபார்க்க இது நல்ல இடம். வழியைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது படம், 'டி.எம்.பி. கட்டிங்'. இது தானா மேரா பெசார். இதற்கு வேறு கதை. இங்கே அடுக்குகள் சாயவில்லை, படுக்கையாகக் கிடக்கின்றன. கூழாங்கற்கள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெறித்திருக்கின்றன. ஓர் அடுக்குக்குள்ளேயே மெல்லிய சாய்ந்த கோடுகள் தெரிகின்றன பாருங்கள். ஆற்று நீர் மணலைத் தள்ளிக்கொண்டு போகும்போது விழும் கோடுகள் அவை. கோடு எந்தப் பக்கம் சரிகிறதோ, அந்தப் பக்கம் நீர் ஓடியது என்று அர்த்தம். சிங்கப்பூரின் கிழக்குப் பகுதி முழுக்க இந்தப் பழைய ஆற்று வண்டல்தான். இது முழுப் பாறையும் இல்லை, வெறும் மண்ணும் இல்லை. அரைகுறையாக இறுகியது.

தானா மேரா என்றால் செம்மண். அந்தக் கரையில் இருந்த செந்நிறச் செங்குத்துச் சரிவுகள் கப்பலோட்டிகளுக்கு அடையாளம். போர்ச்சுக்கீசியரான கோதின்யோ டி எரேடியா 1604இல் வரைந்த வரைபடத்திலேயே அந்தப் பெயர் இருக்கிறது. இன்று அந்தச் சரிவுகளைக் காண முடியாது. 1966இல் தொடங்கிய கிழக்குக் கடற்கரை நிலமீட்புக்காகப் பிடோக், சிக்லாப் மேடுகளை வெட்டி, மண்ணை வார்ப்பட்டையில் ஏற்றிக் கடலில் கொட்டினார்கள். பின்னர் சாங்கி விமான நிலையத்துக்காகக் கடல் இன்னும் தள்ளிப் போனது. 1960களில் 581 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு இன்று 730ஐத் தாண்டிவிட்டது. அந்தக் கூடுதல் நிலத்தின் ஒரு பகுதி, உங்கள் அப்பா படம் எடுத்த மாதிரியான சுவர்களைக் கரைத்துச் செய்தது. பிடோக் நீர்த்தேக்கத்தின் பள்ளம்கூட ஒரு காலத்தில் மணல் குவாரி.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. ஆவணக் காப்பகத்தில் இதைவிடப் பழைய, 19ஆம் நூற்றாண்டுப் படங்களைப் பார்த்தால் செம்மண் கரி போலக் கறுப்பாக இருக்கும். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகளுக்குச் சிவப்பு நிறம் உறைக்காது. நீல ஒளிதான் பதியும். வானம் வெளுத்து, செம்மண் இருண்டு விழும். 1867இல் இங்கே கடை திறந்த ஜி.ஆர். லாம்பர்ட் கம்பெனியின் படங்களை வைத்துக்கொண்டு 'இங்கே கரும்பாறை இருந்தது' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உங்கள் அப்பா காலத்துப் பிலிம்கள் எல்லா நிறத்தையும் வாங்கிக்கொள்ளும். ஆனால் கறுப்பு வெள்ளையில் ஊதாக் களிப்பாறையையும் சாம்பல் களிப்பாறையையும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் பழைய ஆட்கள் படத்தோடு குறிப்பேட்டில் நிறத்தையும் எழுதிவைத்தார்கள். டின்னில் சின்ன நோட்டு ஏதாவது இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். இருந்தால் அது படங்களைவிட உயர்ந்தது.

மூன்றாவது படத்தில் நீங்கள் 'அடுக்கு' என்று நினைப்பது அடுக்கே அல்ல. அது கருங்கல். பூமிக்கு அடியில் உருகிக் கிடந்து மெல்ல ஆறி உறைந்தது. அதில் படிவு அடுக்கு இருக்காது. மேலே அழுத்திக்கொண்டிருந்த சுமை காலப்போக்கில் நீங்கும்போது கருங்கல் தகடு தகடாக விரிசல் விடும். அந்த விரிசல்கள் படத்தில் அடுக்குபோல ஏமாற்றும். கிட்டத்தில் பார்த்தால் குத்துக்குத்தாக மணிகள் தெரிகின்றன, வரி இல்லை. சுவரில் நேர்க்கோடாகத் துளைத்த தடங்கள் இருப்பதால் இது குவாரி. புக்கிட் தீமாவாகவோ மண்டாயாகவோ புலாவ் உபினாகவோ இருக்கலாம். எது என்று சொல்ல, சுவருக்கு மேலே ஒரு கம்பமோ கூரையோ தெரியும் வேறு படம் வேண்டும். மற்றப் படங்களில் தேடுங்கள். உபின் கல்லைக் கொண்டுதான் 1851இல் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் எழும்பியது. அந்தத் தீவின் கடைசிக் குவாரி 1999இல் மூடப்பட்டது. நாலாவது படம் ஆட்டம் கண்டிருக்கிறது. அதை விட்டுவிடுவோம்.

சிங்கப்பூருக்குப் பாறைப் படம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில், அரியலூர் பக்கம், காரை என்ற இடத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் மரமில்லாத படிவு மண் மேடுகள் அரித்துக் கிடக்கின்றன. 1851இல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வகத்தின் பிளான்ஃபோர்டு அந்த வட்டாரத்தை நடந்து பார்த்து எழுதிய அறிக்கை 1860களில் வெளியானது. இன்றைக்கும் ஒரு மாணவன் அந்த அறிக்கையோடு போய், அவர் சொன்ன அடுக்கைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். சிமெண்ட் சுரங்கங்கள் ஒருபுறம் தின்றாலும் இன்னும் நிறைய இருக்கிறது. சிங்கப்பூரில் அந்தச் சலுகை கிடையாது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. புதிதாக வெட்டிய சுவர் சில ஆண்டுகளில் சிவந்து, இளகி, செடி மூடிப் போகும். மிச்சத்தைப் பொறியாளர்கள் புல் போர்த்தியோ சிமெண்ட் தெளித்தோ மூடிவிடுகிறார்கள். மூடத்தான் வேண்டும், சரிந்தால் உயிருக்கு ஆபத்து. 1960களில் ஜூரோங் தொழிற்பேட்டைக்காக மேடுகளை வெட்டிச் சதுப்பை நிரப்பியபோது திறந்த சுவர்கள் எத்தனையோ. கொஞ்ச நாள் திறந்திருந்து, பிறகு தொழிற்சாலைக்கு அடியில் போய்விட்டன. அந்த இடைவெளியில் யார் கேமராவோடு போனார்களோ, அவர்கள் எடுத்ததுதான் கணக்கு.

இந்த இழப்பு நேற்று இன்று தொடங்கியது அல்ல. சிங்கப்பூர் ஆற்றின் வாயில் ஆள் உயரத்தைவிடப் பெரிய ஒரு மணற்கல் பலகை நின்றது, எழுத்துப் பொறித்தது. 1843இல் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதே ஆண்டின் இறுதியில்தான் கேஸ்டன் டுட்ரொங்க்வா என்பவர் இங்கே டகேரோடைப் படம் எடுத்துத் தருவதாக விளம்பரம் செய்தார். சில மாதங்களில் தவறிப்போன படம் அது. அந்தப் பலகையின் ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது, அவசியம் போய்ப் பாருங்கள். கெப்பல் துறைமுகத்தின் மேற்கு வாயிலில் நின்ற, சீன மாலுமிகள் டிராகன் பல் வாயில் என்று சொன்ன பாறைத் தூணும் அப்படித்தான். 1848இல் கப்பல் வழியை அகலப்படுத்த உடைத்தார்கள். அப்போது ஊரில் கேமரா இருந்தது. இருந்தும் அந்தத் தூணை நாம் ஓவியங்களில்தான் பார்க்கிறோம். லாப்ரடார் பூங்காவில் 2005இல் வைத்திருப்பது மாதிரி வடிவம்தான். படம் எடுக்க வசதி இருந்தும் எடுக்காமல் விட்ட ஊர் என்று எனக்கு இன்றும் ஆற்றாமை.

அந்த நாட்களில் ஜே.ஆர். லோகன் என்ற வழக்கறிஞர் பத்திரிகை நடத்திக்கொண்டே சிங்கப்பூர்ப் பாறைகளைப் பற்றி எழுதினார். உபின் கருங்கல்லில் இருக்கும் விநோதப் பள்ளங்களைக்கூட விடவில்லை. பின்னர் மலாய்க் கூட்டு மாநிலங்களின் நிலவியலாளராக 1903இல் வந்த ஸ்கிரிவனர், 1924இல் சிங்கப்பூர்த் தீவின் நிலவியலைத் தனிக் கட்டுரையாக வெளியிட்டார். தஞ்சோங் பகார் பக்கத்தில் இருந்த மவுண்ட் குத்ரியில் அவர் பொறுக்கிய சிப்பிப் படிமங்கள் லண்டனுக்குப் போய், 1906இல் அறிவியல் இதழில் விவரிக்கப்பட்டன. நம் துறைமுகத் தொழிலாளர்கள் மூட்டை தூக்கிய வட்டாரத்தில் கடற்சிப்பி பாறையாகிக் கிடந்திருக்கிறது. அருகிலேயே இருந்த மவுண்ட் வாலிச்சை அதற்கு முன்பே வெட்டித் தெலுக் ஆயர் கடலில் கொட்டியாகிவிட்டது.

பாறைப் படம் சேர்ப்பதை ஒரு வேலையாகவே மற்ற நாடுகள் செய்தன. பிரிட்டனில் அறிவியல் முன்னேற்றச் சங்கம் 1889இல் இதற்கென்று ஒரு குழுவை அமைத்து, நாடு முழுவதும் தொழில்முறையாளர், பொழுதுபோக்காளர் என்று எல்லாரிடமும் படம் வாங்கிப் பதிவு செய்தது. அமெரிக்காவில் ராபர்ட் ஸ்டான்டன் என்ற பொறியாளர் ரயில் பாதை போட நினைத்து 1889, 1890இல் கிராண்ட் கேன்யன் முழுக்கப் படம் எடுத்தார். ரயில் வரவில்லை. நூறு ஆண்டு கழித்து ஆய்வாளர்கள் அதே இடங்களில் கேமராவை நட்டு மறுபடி எடுத்தார்கள். எந்தப் பாறை உருண்டது, எந்தச் செடி அப்படியே நிற்கிறது என்றெல்லாம் அதிலிருந்து தெரிந்தது. உங்கள் மகன் செய்ய நினைப்பதும் அதுதான், அவனுக்கு ஒரு சபாஷ்.

இனி அவன் எங்கே போகலாம் என்று பார்ப்போம். தானா மேராவை மறந்துவிடச் சொல்லுங்கள். செந்தோசாவில் சிலோசோ கடற்கரையின் மேற்குக் கோடிக்கு, தஞ்சோங் ரிமாவ் பக்கம், நீர்வற்று நேரத்தில் போகலாம். நீர்மட்ட அட்டவணையைப் பார்க்காமல் போகக் கூடாது. ஏற்றத்தில் மாட்டிக்கொண்டால் பாறைக்கும் கடலுக்கும் நடுவே நிற்க இடம் இருக்காது. பெருநிலத்தில் என்றால் லாப்ரடார். பாறைக் கடலோரச் செங்குத்து அங்கேதான் மிஞ்சியிருக்கிறது, 2002 முதல் இயற்கை வனப்பகுதி. அறிவிப்புப் பலகையைத் தாண்ட வேண்டாம், கல்லையும் பொறுக்கி வர வேண்டாம். இரண்டுமே சட்டப்படி குற்றம். மெரினா சவுத் படகுத்துறையிலிருந்து செயின்ட் ஜான்ஸ், கூசு தீவுகளுக்குப் படகு உண்டு. அங்கும் சாய்ந்த அடுக்குகளைக் கரையோரம் பார்க்கலாம். கருங்கல்லுக்குப் புக்கிட் தீமாவின் பழைய குவாரிகள் இருக்கின்றன. புக்கிட் கோம்பாக்கில் 'சின்ன குய்லின்' என்று எல்லாரும் கல்யாணப் படம் எடுக்கும் குளமும் பழைய குவாரிதான்.

போகும்போது தாத்தாவின் படத்தை அச்செடுத்துக் கையில் கொண்டு போகட்டும். முதலில் தூரத்து அடையாளத்தைப் பொருத்த வேண்டும், அதாவது தீவு, மேட்டின் கோடு, கோட்டைச் சுவர். பிறகு கிட்டத்தில் இருக்கும் பெரிய விரிசலைப் பொருத்த வேண்டும். இரண்டும் படத்தில் இருப்பதுபோல ஒன்றுக்கொன்று நேராக வரும்வரை முன்னும் பின்னும் நகர வேண்டும். அப்படி வந்தால் நிற்கும் இடம் சரி. நேரமும் முக்கியம். காலையில் எடுத்ததை மாலையில் எடுத்தால் நிழல் மாறி அடுக்கே வேறு மாதிரி தெரியும். சுத்தியலுக்குப் பதில் அடிக்கோல் போதும், அவன் பாறையைத் தட்ட வேண்டியதில்லை.

லிட்டில் இந்தியாவைக் கேட்டீர்கள். அங்கே வெளியில் தெரியும் பாறை கிடையாது. ரோச்சோர் ஆற்றுத் தாழ்நிலம் அது, அடியில் மெத்தென்ற களி. கடைசிப் பனியுகம் முடிந்து கடல் ஏறியபோது, ஏறத்தாழ கடந்த 10,000 ஆண்டுகளில் படிந்த கடற்களி அதன் மேல்பகுதி. சிராங்கூன் ரோட்டில் 19ஆம் நூற்றாண்டில் செங்கல் சூளைகள் இருந்ததற்கு மண்ணும் ஒரு காரணம். சுண்ணாம்புச் சூளைகளும் இருந்தன. வீரமாகாளியம்மன் கோயிலைப் பெரியவர்கள் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதே கடற்களிதான் நிலத்தடிப் பொறியாளர்களுக்குத் தலைவலி. 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலையில் எம்ஆர்டி தோண்டும்போது தடுப்புச் சுவர் சரிந்து நால்வர் இறந்தார்கள். வடிவமைப்பில் இருந்த குறைகளை விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது. அந்த இடமும் ஆழமான கடற்களிதான். டௌன்டவுன் பாதைக்காக ரோச்சோரிலும் லிட்டில் இந்தியாவிலும் தோண்டியபோது வேலியின் இடுக்கில் யாராவது படம் எடுத்து வைத்திருந்தால், அதுவும் இனி கிடைக்காத அடுக்குதான். இன்றைய நிலவியலாளர்கள் பெரும்பாலும் சுவரைப் பார்ப்பதில்லை. ஆழ்துளையிலிருந்து எடுத்த உருளை மாதிரிகளைப் பெட்டியில் வரிசையாக அடுக்கி, பக்கத்தில் நிற அட்டையும் அளவுகோலும் வைத்துப் படம் எடுக்கிறார்கள். உங்கள் அப்பாவின் சுத்தியல் இப்போது நிற அட்டையாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

படங்களைக் காப்பாற்றும் விஷயத்துக்கு வருகிறேன். இதில் நம் வீடுகளில் செய்யும் சில காரியங்கள் நல்லெண்ணத்தோடு செய்கிற கெடுதல். பாச்சை உருண்டை போடாதீர்கள். லேமினேட் செய்யாதீர்கள். பசை தடவிய பக்கங்களில் ஒட்டிப் பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடும் ஆல்பம் வேண்டவே வேண்டாம், சில ஆண்டுகளில் படத்தை உரித்துக்கொண்டுதான் வெளியே வரும். இருண்ட பகுதியில் நீல வெள்ளி மினுமினுப்பு தெரிந்தால் துடைக்காதீர்கள், அது வெள்ளியே மேலே வந்திருப்பது. நெகட்டிவ் சுருள் இருந்து புளித்த வாடை அடித்தால் அதை மற்றவற்றோடு வைக்காமல் தனியே எடுத்துவிடுங்கள், ஒன்று கெட்டால் மற்றதையும் கெடுக்கும். பிஸ்கட் டின் துருப்பிடிக்காததாக இருந்தாலும் நம் ஊர் ஈரத்துக்குப் போதாது. அமிலமில்லாத காகித உறை அல்லது பாலிப்ரொப்பிலீன் உறையில் ஒவ்வொன்றாகப் போட்டு, சமையலறைக்கும் குளியலறைக்கும் தள்ளி, வெளிச்சுவரில் சாயாத அலமாரியில் வையுங்கள். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ஈரம் உறிஞ்சும் பெட்டி கிடைத்தால் நல்லது.

பின்பக்கத்தையும் தவறாமல் நகலெடுங்கள். பலர் முகப்பை மட்டும் எடுத்துவிட்டு, விஷயம் இருக்கும் பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். 'டி.எம்.பி. கட்டிங்' என்ற சில எழுத்து இல்லாவிட்டால் அந்த மண்சுவரைப் பற்றி நான் மேலே எழுதியதில் பாதியைச் சொல்லியிருக்க முடியாது. நீங்கள் ஏதாவது சேர்க்க வேண்டுமானால் பால்பாயிண்ட் வேண்டாம், மென்மையான பென்சிலில், ஓரத்தில் எழுதுங்கள். அப்பா எழுதியது எது, நீங்கள் சேர்த்தது எது என்று தெரியும்படி உங்கள் முதலெழுத்தையும் போட்டுவிடுங்கள். டின்னில் எந்தப் படத்துக்கு அடுத்து எது இருந்ததோ அந்த வரிசையைக் கலைக்காதீர்கள். பெயர் எழுதாத படத்துக்கு அதன் முன்னும் பின்னும் இருந்த படங்களே விலாசம்.

காசு மதிப்பு என்று கேட்டால், சந்தையில் இவற்றுக்கு அதிகம் கிடைக்காது. பழைய ரிக்‌ஷாப் படத்துக்கு இருக்கும் கிராக்கி பாறைக்கு இல்லை. விற்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். கேனிங் ரைசில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகம் தனியாரிடமிருந்து படங்களை ஏற்கிறது. முழுத் தொகுப்பையும் பட்டியலோடு காட்டிப் பேசுங்கள். அலுவலக வேலைக்காக எடுத்தவை என்றால் உரிமை யாருக்கு என்ற கேள்வி வரும். அதை மறைக்காமல் சொல்லிவிட்டால் அவர்களே வழி சொல்வார்கள். குவாரியிலும் சாலையிலும் உழைத்த நம் ஆட்கள் தெரியும் படம் ஏதாவது அகப்பட்டால் கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்திடமும் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு வேலை உங்களுக்கும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும். பெயர் தெரியாத பழைய படங்களுக்குப் பொதுமக்களே விவரம் எழுத, ஆவணக் காப்பகம் 2015 முதல் குடிமக்கள் ஆவணக்காரர் என்ற திட்டத்தை நடத்திவருகிறது. பொதுப்பணித் துறையிலும் குவாரியிலும் நிலமீட்பிலும் வேலை பார்த்த பெரியவர்கள் தேக்காவிலும் ஈசூனிலும் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் படங்களை அவர்கள் முன் வைத்து, எந்த மேடு, எந்த ஆண்டு, எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது என்று கேட்டு எழுதுங்கள். அடுத்த விடுமுறைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள், எண்பது வயதுக்காரர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.